வெறும் ஜன்னலை வேடிக்கை பார்த்தவர்

அலீடாவின் ஜன்னலுக்கு முன்னால் தினமும் காலையில் ஒரு மனிதர் வந்து நிற்கிறார் என்ற செய்தி, அலீடாவுக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஹார்லிங்கனில் அப்படித்தான். குளிர் நாட்டுத் துறைமுக ஊர். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சேதி வீடு தேடி வந்துவிடும்.

நிற்பது அங்கே சின்ன விஷயம் அல்ல. அந்த ஊரில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, மேஜையில் பட்டாணி சூப்பை வைத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கும்படி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தெருவில் போகிறவர் நடந்துகொண்டே ஒரு பார்வை பார்க்கலாம். பார்க்காமல் போனால்கூட வீட்டுக்காரிக்கு வருத்தம்தான். பின்னே எதற்காக அவ்வளவு பாடுபட்டு ஜன்னலை அலங்கரித்தாள்? ஆனால் நிற்கக் கூடாது. நடந்துகொண்டு பார்த்தால் மரியாதை, நின்று பார்த்தால் கேவலம். இந்தச் சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை, மீறினவர்களும் இல்லை.

இதில் வேடிக்கை, அலீடா வேலை பார்ப்பது திரைச்சீலைக் கடையில். இருபது வருஷத்துக்கு மேலாக முழம் முழமாக விற்கிறாள். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஜன்னலின் இரண்டு பக்கமும் அழகாகத் தொங்கவிட்டுவிட்டு, ஆயுசுக்கும் இழுத்து மூடுவதில்லை. அவளுடைய வீட்டு ஜன்னலில் அதுகூட இல்லை.

பக்கத்து வீட்டுக் கோரிதான் முதலில் வந்து சொன்னாள். காபிக்கு உட்கார்ந்து, ஊர் வழக்கப்படி டப்பாவிலிருந்து ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, டப்பா மூடப்படும் வரை பொறுமையாக இருந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏண்டி, உனக்கு ஒரு ஆள் வந்திருக்காராமே?"

"எனக்கா? எந்த ஆளு?"

"தெரியாத மாதிரி நடிக்காதே. உசரமா, நீலக் கோட்டு, மாலுமித் தொப்பி. பேரு ஹெஸல். தீவுக்குப் போற கப்பல்ல சுக்கான் பிடிச்சவர். ரிட்டயர் ஆகி, போன கோடையில இங்க வந்து அணைக்கரைப் பக்கம் பிளாட் எடுத்திருக்கார். பெண்டாட்டி இல்லை. பூனைகூட இல்லை. தினம் காலையில கப்பல் கெளம்பறதப் பாக்கப் போறார். போற வழியில உன் ஜன்னல்ல நிக்கறார். நிக்கறார்னா, சும்மா இல்லை. ஆற அமர நிக்கறார்."

"பூச்செடியப் பாக்கறாரோ என்னவோ."

"பூச்செடிதான் என் ஜன்னல்லயும் இருக்கே! அங்க நிக்க மாட்டேங்கறாரே!" கோரியின் குரலில் நியாயம் கேட்கும் தொனி இருந்தது. பிறகு ஜன்னல் பலகையைக் காட்டினாள். "எனக்குத் தெரியும். அதத்தான் பாக்கறார்."

ஜன்னல் பலகையில் இரண்டு ஆர்க்கிட் செடிகளுக்கு நடுவே இரண்டு பீங்கான் நாய்கள் உட்கார்ந்திருந்தன. வெள்ளை உடம்பு, பழுப்புக் காது, கழுத்தில் பொன் சங்கிலி. அந்தக் கடற்கரையில் பழைய வீடுகளில் இன்னும் இருக்கும். வீட்டு ஆண் கடலுக்குப் போயிருந்தால் நாய்கள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அவன் திரும்பி வந்ததும் வீட்டுக்குள் பார்க்கத் திருப்பி வைப்பார்கள். அலீடாவின் கணவன் வோபே இறால் படகு வைத்திருந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் படகிலிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவனை நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வரவில்லை. நாய்கள் அன்று தெருவைப் பார்த்தபடி இருந்தன. இன்றும் அப்படியே. யாருக்காகத் திருப்புவது என்று அவள் விட்டுவிட்டாள்.

"கப்பல்காரருக்கு நாய் எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியாதா?" என்றாள் கோரி. "வீட்டுல ஆள் இல்லைன்னு நீயேதான் போர்டு மாட்டி வெச்சிருக்கே. நின்னு படிக்கறார்."

"போடி" என்று அலீடா சிரித்துத் தள்ளினாள். ஆனால் மறுநாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாகத் தலை வாரிக்கொண்டாள். அதை நான் சொல்லாமல் விட்டால் கதைக்கு அழகில்லை.

சமையலறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். அவர் வந்தார். சரியாக அவள் ஜன்னலுக்கு முன்னால் நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதை அவ்வளவு கவனமாகப் பார்த்தார். அவள் போட்ட காபி ஆறிப்போகும் வரை பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

எதைப் பார்க்கிறார்? அலீடாவுக்கு மண்டை குடையத் தொடங்கியது. கடையில் துணி வெட்டும்போதும் அதே யோசனை. நாயையா, செடியையா, பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் படகுப் படத்தையா? அல்லது அவளையேவா? கண்டுபிடித்துவிடுவது என்று தீர்மானித்தாள். ஒரு நாள் செடிகளை எடுத்துவிட்டுச் சிவப்புக் கூஜாவை வைத்தாள். அவர் அதே போலப் பார்த்தார். இன்னொரு நாள் பித்தளை விளக்கு. அதே பார்வை. படகுப் படத்தைக் கழற்றிவிட்டு மாமியார் பின்னிய மகா கண்ணராவியான பூவேலைத் துணியை மாட்டினாள். அதையும் அவர் ரசித்தார். ரசனை கெட்ட மனிதராக இருப்பாரோ என்று ஒரு கணம் பயந்துவிட்டாள்.

பிறகு துணிந்து, பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு புத்தகத்தோடு ஜன்னலருகே நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள். அவர் வந்தார். நின்றார். அவளை நேராகப் பார்த்தார். கண் அவள் மேல்தான் இருந்தது, ஆனால் அவள் அங்கே இல்லாதது போல இருந்தது. அலீடா பக்கத்தைப் புரட்டக் கையை அசைத்ததும் அவர் திடுக்கிட்டு, தொப்பியைத் தொட்டுவிட்டு, விறைப்பாக நடையைக் கட்டினார்.

"உன்னப் பாத்து ஓடிட்டாரா?" என்று கோரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலீடா ஜன்னல் பலகையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். நாய்களைக்கூட அலமாரிக்குள் வைத்தாள். விளக்கையும் அணைத்துவிட்டாள். துடைத்த பலகை, இருண்ட அறை, வேறு ஒன்றும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் வந்தார். வெறும் பலகையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் நாய்களைப் பார்ப்பாரோ அவ்வளவு நேரம், அதே அக்கறையோடு, நடுவில் தலையைக்கூடச் சாய்த்து.

அலீடாவுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. தலை வாரியது, பச்சைச் சட்டை, கூஜா, விளக்கு எல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. இந்த வயதில் இப்படி ஒரு அசட்டுத்தனமா என்று தன்மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தாலும் ஆவல் அடங்கவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தை ஒரு மனிதர் ஏன் பார்க்க வேண்டும்?

"கண்ணு தெரியாதோ?" என்றாள் கோரி.

"கண்ணு தெரியாம முப்பது வருஷம் மணல் திட்டுக்கு நடுவுல கப்பல் ஓட்டினாரா?"

"அப்போ கழண்டிருக்கும். பாவம்."

சனிக்கிழமை அலீடாவுக்கு விடுமுறை. அவர் ஜன்னலை விட்டு நகர்ந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். டிசம்பர் மாதக் குளிர், கால்வாய் ஓரம் வழுக்கியது. அவர் நன்றாகத்தான் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நடை தளர்ந்தது. பாலத்துக்கு முன்னால் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று கண்ணாடிகளைப் பார்த்தார். மறுபடி நடந்தார். அதே அளவு தூரம் போனதும் அதே போலத் தளர்ந்து, ரொட்டிக் கடை. சர்க்கரை ரொட்டிகளைப் பார்த்தார், வாங்கவில்லை. மறுபடி நடந்தார். அடுத்தது, மூடிப்போன விளக்குக் கடை. அதன் கண்ணாடி முழுக்க உள்பக்கமிருந்து பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஹெஸல் அந்தப் பழுப்புக் காகிதத்துக்கு முன்னால் நின்று, கைகளை முதுகில் கட்டி, குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

அலீடா கிட்டே போனாள். காகிதம் ஒட்டிய கண்ணாடியில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. இடது குதிகால் தரையில் படாமல் தூக்கியிருந்தது.

"என்ன பாக்கறீங்க?" என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "சும்மா... கடையத்தான்."

"கடைய மூடி ஒரு வருஷம் ஆச்சே."

"அதான். புதுசா என்ன வரப்போகுதோன்னு."

"சரி. போன செவ்வாக்கிழமை என் ஜன்னல்ல என்ன இருந்துச்சு?"

"உங்க ஜன்னலா?" அவர் தொப்பியைத் தடவினார். "பூச்செடி இருந்துச்சு. ரெண்டு நாய். நல்ல நாய்."

"ஒண்ணும் இல்லை. தொடச்சு வெச்சிருந்தேன்."

அசடு வழிவதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. "கால் வலிம்மா" என்றார். "கெண்டைக்கால யாரோ ரெண்டு கையாலயும் முறுக்கிப் பிழியற மாதிரி. நின்னா போயிடுது. நடந்தா வந்துடுது. நடுத்தெருவுல நின்னா, என்னாச்சு ஹெஸல், என்னாச்சு ஹெஸல்னு நாலு பேரு வந்துடுவாங்க. ஜன்னல் முன்னாடி நின்னா எவனும் கேக்க மாட்டான். வயசான ஆளு வேடிக்கை பாக்கறான்னு போயிடுவான்."

"என் ஜன்னல் எதுக்கு?"

"வீட்டுலேருந்து வந்தா சரியா அங்கதான் தாங்க முடியாமப் போகுது. அங்க உங்க வீடு இருக்கு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நாயும் இல்லை, படமும் இல்லை, பச்சைச் சட்டையும் இல்லை. வலி வந்த இடத்தில் அவள் வீடு இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அப்போது அவருடைய இடது காலணி கண்ணில் பட்டது. கயிற்றை அவிழ்த்து, முன்பக்கத் தோலைக் கத்தியால் கீறி விட்டிருந்தார்.

"அது என்ன?"

"புது ஷூ. கட்டை விரல்ல கடிச்சிடுச்சு. இன்னும் ஆறலை."

"எப்போ கடிச்சது?"

"அது... இலை உதிர ஆரம்பிச்சப்போ."

மரங்களில் இப்போது ஒரு இலைகூட இல்லை. அலீடா அவரை விடவில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போகாத ஊரில், அவரை இழுத்துக்கொண்டுபோய்த் தன் சமையலறையில் உட்கார வைத்து, காலுறையைக் கழற்றச் சொன்னாள். அவர் வெட்கப்பட்டார். கழற்றினார்.

முழங்காலுக்குக் கீழே ஒரு ரோமம் இல்லை. தோல் மெழுகு பூசியது போலப் பளபளத்தது. பாதத்தைத் தொட்டாள், பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த மீனைப் போல ஜில்லென்றிருந்தது. வலது பாதம் அப்படி இல்லை. இடது கட்டை விரல் நுனியில் புண். ஓரம் கறுத்திருந்தது.

"தைலம் போடறேன்" என்றார் ஹெஸல். "ராத்திரி படுத்தாதான் கொஞ்சம் தொந்தரவு. கால கட்டிலுக்கு வெளிய தொங்கப் போட்டா அடங்கிடும். வயசாச்சுல்ல, கீல் துரு பிடிக்கத்தானே செய்யும்."

"இது கீலு மாதிரி இல்லை" என்றாள் அலீடா. அவளுக்கு என்னவென்று தெரியாது. ஆனால் வோபேயும் படகில் மூச்சு வாங்கியபோதெல்லாம் "குளிர்ல அப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தான். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். இவரும் அதே குரலில்தான் பேசினார். அவளுக்குப் பயமாக இருந்தது, அதைவிட எரிச்சலாக இருந்தது.

விடுமுறை நாளுக்கான டாக்டர் எண்ணைக் கூப்பிட்டாள். தொலைபேசி எடுத்த பெண் எதிர்பார்த்தபடியே, "ஒரு பாரசிட்டமால் போட்டுட்டு ரெண்டு நாள் பாக்கறீங்களா?" என்று இனிமையாகக் கேட்டாள். அந்த நாட்டில் காலே கழன்று விழுந்தாலும் முதலில் பாரசிட்டமால்தான்.

"விரல் கறுத்துட்டு வருது. பாதம் பொணம் மாதிரி சில்லுன்னு இருக்கு. நான் பாத்துட்டேன், நீங்க பாக்கறீங்களா?" என்றாள் அலீடா. உடனே வரச் சொன்னார்கள்.

டாக்டர் அறைக்குள் போகும்போது ஹெஸல் வாசலில் தயங்கினார். "நீங்களும் வாங்க. தனியாப் போனா நான் பொய் சொல்லிடுவேன்."

டாக்டர் இளம் பெண். ஒரு சின்னக் கருவியை அவர் கையில் வைத்து அழுத்தம் பார்த்தாள். உள்ளே ரத்தம் ஓடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது, கப்பல் எஞ்சின் போல. அதையே கணுக்காலில் வைத்தாள். ஏதோ தூரத்தில் யாரோ கிசுகிசுப்பது போல இருந்தது. ஹெஸல் காதைக் கொடுத்துக் கேட்டார். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லுகிற மனிதர். அவர் முகம் மாறியது.

"கையில இருக்கற அழுத்தத்துல பாதிகூடக் கணுக்கால்ல இல்லை" என்றாள் டாக்டர். "காலுக்கு ரத்தம் போற குழாய்க்குள்ள கொழுப்பு படிஞ்சு அடைச்சிருக்கு. நடக்கும்போது தசை ரத்தம் கேக்குது, வந்து சேரலை, அதான் வலி. நின்னா கேக்கறது கொறையுது, வலி போயிடுது. நீங்க கடை ஜன்னல் முன்னாடியெல்லாம் நிப்பீங்களா?"

ஹெஸல் அலீடாவைப் பார்த்தார். "நீங்க சொன்னீங்களா?"

"யாரும் சொல்லலை. இந்த நோய்க்கு நம்ம ஊர்ல பேரே கடை ஜன்னல் கால்தான். எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

அவருக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. "நான்தான் கண்டுபிடிச்சேன்னு நெனச்சேன்" என்றார்.

அலீடாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அடுத்துக் கேட்ட கேள்வியில் சிரிப்பு நின்றுவிட்டது. "கால் போயிடுமா?"

"இப்படியே விட்டா முதல்ல விரல், அப்புறம் பாதம். படுத்திருக்கும்போதே வலி, ஆறாத புண், ரெண்டும் வந்தாச்சு, இனிமே காத்திருக்க முடியாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதறேன்." டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "ஆனா எனக்குக் கால விட மேல இருக்கறதுதான் கவலை. இதயத்துக்குப் போற குழாயும் மூளைக்குப் போற குழாயும் இதே வயசுதான், இதே பொகையத்தான் குடிச்சிருக்கு. காலு உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கு. மத்தது ரெண்டும் சொல்லிட்டு வராது. எத்தனை வருஷமாப் பொகை பிடிக்கறீங்க?"

"விட்டுட்டேன்" என்றார் ஹெஸல்.

அவர் கோட்டிலிருந்து புகை வாசனை வந்தது. அலீடா தொண்டையைச் செருமினாள். அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டுச் சுருட்டுப் புகையிலைப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் கவட்டைப் பக்கம் சின்னத் துளை போட்டு, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடைத்த இடத்தில் ஒரு சிறு பலூனை ஊதிக் குழாயை விரித்தார்கள். பாதம் சூடு கண்டது. விரல் தப்பியது. ஆனால் கீழே இருக்கும் சின்னக் குழாய்களில் இன்னும் நெருக்கடி இருந்தது. அதற்குக் கத்தியும் இல்லை, பலூனும் இல்லை, தினமும் மாத்திரை, பிறகு நடை. புண் ஆறியதும் மார்லூஸ் என்ற நடைப் பயிற்சிக்காரியிடம் அனுப்பினார்கள். கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டே ஆளைக் கொல்லுகிற பெண்.

"வலிக்கற வரைக்கும் நடங்க" என்றாள். "நல்லா வலிக்கணும். அப்புறம் நில்லுங்க. போனதும் மறுபடி நடங்க. தசை கேட்டுக்கிட்டே இருந்தா, ரத்தம் சின்னச் சின்னச் சந்து வழியாவாவது வந்து சேரும். இன்னொண்ணு, ஜன்னல் பாக்கக் கூடாது. நிக்கறப்போ, கால் வலிக்குது அதனால நிக்கறேன்னு நில்லுங்க."

மாத்திரையும் வலியும் ஹெஸலுக்குப் பெரிதில்லை. நடுத்தெருவில் காரணத்தோடு நிற்பதுதான் மலையாக இருந்தது. முதல் நாள் அலீடாவின் வாசலுக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூக்குமேடையில் ஏற்றப்பட்டவரைப் போல நின்றார். அலீடா கதவைத் திறந்தாள்.

"என்னாச்சு ஹெஸல்?" என்று சத்தமாகக் கேட்டாள், தெருவே கேட்கும்படி.

"கால் வலி!" என்று அவரும் கத்தினார். எதிர் வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, "எனக்கும்தான்!" என்றான். அதோடு அந்தப் பயம் ஒழிந்தது.

அன்றிலிருந்து அவர் வலிக்காக நிற்கும்போது அவள் வாசலில் வந்து நிற்பாள். கப்பல் ஓட்டுகிற புதுப் பையன்களின் சுக்கான் பிடிக்கும் லட்சணத்தை அவர் திட்டுவார். திரைச்சீலை வாங்குகிறவர்களின் முட்டாள்தனத்தை அவள் திட்டுவாள். வலி போனதும் அவர் போய்விடுவார். அலீடாவின் நாளில் அதுதான் நல்ல நேரம் என்று ஆகிப்போனது. கடைக்குத் தாமதமாகப் போனாள். முதலாளி கேட்டதற்கு, கால் வலி என்றாள்.

ஒருமுறை மட்டும் பெரிய சண்டை வந்தது. மீன்வலைக் கொட்டகைக்குப் பின்னால் அவர் புகைத்துக்கொண்டிருந்ததை அவள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார்.

"ஒரு இழுப்புக்கு ஒரு விரல்னு வெச்சுக்குங்க. கால்ல பத்து இருக்கு. தீந்துபோனதும் சொல்லியனுப்புங்க, தள்ளுவண்டி கொண்டுவரேன். ஆனா ஒண்ணு, நெஞ்சப் பிடிச்சுட்டுச் சாஞ்சீங்கன்னா நான் வர மாட்டேன். அது ஒரு தடவை பாத்தாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது."

சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவர் புகையிலைப் பொட்டலத்தைத் தண்ணீரில் வீசினார். ஒரு கடற்பறவை அதைத் தூக்கிக்கொண்டு போய், ருசி பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

மார்ச் மாதம் ஒரு காலை ஹெஸல் அலீடாவின் வாசலைத் தாண்டிப் போனார். தொப்பியைத் தொட்டு, ஆச்சரியம் தாங்காத முகத்தோடு, "வலிக்கலை! இன்னும் வலிக்கலை!" என்று சொல்லிக்கொண்டே போனார். கோரியின் வீட்டு முன்னால் நின்றார்.

கோரிக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே உன் கடை மூடியாச்சுடி! எங்கிட்டதான் நிக்கறார்!" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அவள் வெற்றியும் ரொம்ப நாள் நிற்கவில்லை. நிற்கும் இடம் தேவாலயத்துக்குப் போயிற்று, பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு, பிறகு பாலத்துக்கு. மார்லூஸ் கைதட்டினாள். டாக்டர் கணுக்காலில் கருவியை வைத்துக் கேட்டுத் தலையாட்டினாள்.

அலீடாவும் சந்தோஷப்பட்டாள். பொய்யில்லை. அந்தக் கால் தேற வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டவள் அவள்தான். தேறத் தேற அது தன் வாசலைத் தாண்டிப் போகும் என்பது மட்டும் அவள் கணக்கில் வரவில்லை. இப்போதெல்லாம் காலையில் ஒரு தொப்பி அசைவு, ஒரு "காலை வணக்கம்", அவ்வளவுதான் மிச்சம். நிற்கக் காரணம் இல்லாத மனிதர் ஏன் நிற்பார்? அதுவும் அந்த ஊரில்? ஜன்னல் முன்னால் நிற்பது கேவலம் அல்லவா? காலம் கடந்து வந்த ஆசைக்கு இது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதில் ஒன்றும் ஆறவில்லை. வலி வந்தபோது நின்ற மனிதரைவிட, வலி போனபின் நிற்காத மனிதர் அவளை அதிகமாக நோக வைத்தார்.

மே மாதத்தில் ஒரு நாள் அவர் கப்பல் துறை வரை போய், எங்கேயும் நிற்காமல் திரும்பி நடந்து வந்தார். அலீடா சமையலறையிலிருந்து பார்த்தாள். அவள் வீட்டை நெருங்கியதும் நடை தளர்ந்தது. ஜன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

மறுபடி வந்துவிட்டதா? அலீடா பதறிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். முதலில் அவர் காலைத்தான் பார்த்தாள். இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தப் பதிந்திருந்தன. முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடிக்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. மூக்கு கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குக் குனிந்து, ஜன்னல் பலகையை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் கண்ணாடியைத் தட்டினார். அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"இந்த இடது பக்கத்து நாய்க்குக் காது ஒடஞ்சிருக்கே" என்றார். "எப்போ ஒடஞ்சது?"

"முப்பது வருஷம் ஆச்சு."

"முப்பது வருஷமா? மாசக்கணக்கா இங்கதான் நின்னேன், பாக்கவே இல்லை." தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவள் இருக்கிறாள் என்று தெரிந்த பார்வை. "இந்தச் சட்டை நல்லா இருக்கு. பச்சை."

"இதுவும் பழசுதான்" என்றாள் அலீடா. "கால் வலிக்குதா?"

"இல்லை."

"பின்ன ஏன் நிக்கறீங்க?"

அவர் யோசித்தார். எதிர் வீட்டு ஜன்னலில் தலை தெரிந்தது. கோரியின் கதவு ஒரு விரற்கடை திறந்தது. சுக்கான் பிடித்த மனிதர் காது சிவக்க நடுத்தெருவில் நின்றார்.

"நிக்கணும்போல இருந்துச்சு" என்றார்.

"அப்படின்னா உள்ள வாங்க. ஷூவ நல்லாத் தொடச்சுட்டு வாங்க."

மறுநாள் காலையில் கோரி, அந்த ஊரில் யாரும் செய்யாத காரியமாக, அலீடாவின் ஜன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டாள். நின்று, இடுப்பில் கை வைத்து, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"அலீடா! இந்த நாய் ரெண்டும் என்னடி? ஒண்ணு தெருவப் பாக்குது, காது ஒடஞ்சது வீட்டுக்குள்ள பாக்குது! இதுக்கு என்னடி அர்த்தம்?"

உள்ளேயிருந்து காபி வாசனை வந்தது. அலீடா எட்டிப் பார்த்தாள்.

"யோசிச்சுட்டிருக்கேன்னு அர்த்தம்" என்றாள்.